ஹேர் பேட்ச் ஒட்டும் பசை தோலுக்கு ஆபத்தா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஹேர் பேட்ச், அதாவது வழுக்கையை மறைக்கத் தலையில் ஒட்டும் முடித் துண்டு, அதன் ஃபிக்ஸிங், சர்வீஸ் வேலை பார்க்கிறேன், 11 வருடம் ஆகிறது. நானும் பேட்ச் வைத்திருப்பவன்தான். டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பசை ஒத்துக்கொள்ளாமல் கெட்டுப்போன நெற்றிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், தோல் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் உண்டு.

போன வருடம் ஒரு தம்பி வந்தார், 27 வயது இருக்கும், கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாதம். முன்பக்கம் பேட்சைத் தூக்கிப் பார்த்தால் டேப் ஒட்டிய இடம் மட்டும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி சிவந்து, ஓரத்தில் நீர் கசிந்து, முடி இழையோடு சேர்ந்து காய்ந்து கிடந்தது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். பன்னிரண்டு நாள். ஏன் கழற்றவில்லை என்றால், "வீட்டுல யாருக்கும் தெரியாதுண்ணா" என்றார். இந்தப் பக்கத்தை எழுத அவர்தான் காரணம். என்னிடம் போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

இந்தப் பசை, டேப் எல்லாம் எதனால் செய்தது?

இப்போது கடைகளில் ஓடுவது பெரும்பாலும் அக்ரிலிக் வகை. அதில் தண்ணீர் கலந்தது ஒன்று, பூசும்போது பால் மாதிரி வெள்ளையாக இருந்து காயக் காயக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இன்னொன்று சால்வென்ட், அதாவது ஆவியாகிப் போகும் கரைப்பான், கலந்தது, பூசும்போதே வாசனை தூக்கும், பிடிமானமும் அதிகம். டேப் என்பதும் வேறொன்றும் இல்லை, மெல்லிய பிலிமின் ரெண்டு பக்கமும் அதே அக்ரிலிக் பசையைத் தடவியதுதான், அதனால் "எனக்குப் பசை ஒத்துக்காது, டேப் போடுங்க" என்று கேட்பதில் பாதி நேரம் பயன் இருக்காது.

இது தவிர சிலிக்கான் வகை உண்டு, விலை கூடுதல். லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால் கலந்த பசை, பெண்கள் பின்னலோடு வைத்து ஒட்டும் எக்ஸ்டென்ஷனிலும் கண் இமை முடி ஒட்டுவதிலும் வரும். நாடகம், சினிமா மேக்கப்காரர்கள் ஒட்டுத்தாடி, மீசைக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட் கம் என்பது பைன் மரத்துப் பிசினை ஆல்கஹாலில் கரைத்தது. அது ஒரு ஷாட்டுக்கு, ஒரு நாள் ஷூட்டிங்குக்கு ஆனது. அதைப் போட்டுக்கொண்டு பத்து நாள் இருக்க முடியாது.

"மெடிக்கல் கிரேடு", "ஹைப்போஅலர்ஜெனிக்" என்று பாட்டிலில் போட்டிருக்கிறதே, அப்போது பயமில்லைதானே?

அந்த வார்த்தைகளை நம்பி வாங்காதீர்கள். அமெரிக்காவில் உணவு, மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வே ஹைப்போஅலர்ஜெனிக் (அலர்ஜி வருவது குறைவு) என்ற சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை எதுவும் இல்லை என்றுதான் சொல்கிறது. எழுபதுகளில் ஒரு விதி கொண்டுவந்து பார்த்தார்கள், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் அது நிற்கவில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

லேபிளில் பார்க்க வேண்டியது வேறு. என்னென்ன பொருள் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல், எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் நம்பர் (batch number), தயாரித்த தேதி, எக்ஸ்பைரி, இறக்குமதி சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும். இந்தக் கடைசி விஷயம் நம் ஊர் பேக்கேஜ் சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் வெளிநாட்டு பிராண்டு ஸ்டிக்கர் மட்டும் பளபளவென்று இருந்தால் நான் கையால் தொட மாட்டேன். பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்துப் பயன்படுத்தும் கடைகளும் உண்டு. "ஒரிஜினல் பாட்டிலக் காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அது உங்கள் தலை.

லேசாக எரிகிறது, அரிக்கிறது. இது அலர்ஜியா, சாதாரண எரிச்சலா?

ரெண்டும் ஒன்றுபோல் தெரியும், உள்ளே நடப்பது வேறு.

எரிச்சல் என்பது பசையோ ஸ்பிரிட்டோ நேரடியாகத் தோலைச் சுடுவது. பூசின சில நிமிடங்களிலேயோ சில மணி நேரத்திலேயோ தெரியும், பட்ட இடத்தோடு நிற்கும், அரிப்பைவிட எரிச்சல் அதிகமாக இருக்கும். ஷேவ் செய்த கையோடு பசை போட்டால் வருவது பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுப் போயிருக்கும். முதல் நாள் இரவே ஷேவ் செய்துவிட்டு மறுநாள் ஒட்டினால் பாதிப் பேருக்கு இந்தப் புகாரே வராது என்பது என் அனுபவம்.

அலர்ஜி அப்படி உடனே காட்டாது. ஒட்டி ஒரு நாள், ரெண்டு நாள், சிலருக்கு மூன்றாம் நாள்தான் ஆரம்பிக்கும். அரிப்புதான் முதலில், தூக்கத்தில் சொறிகிற அளவுக்கு. அப்புறம் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம், பசை படாத இடத்துக்கும், இமை வரைக்கும்கூட வீக்கம் பரவும். இதற்குப் பொதுவான காரணம் பசை முழுசாகச் சேர்ந்து இறுகாமல் மிச்சமிருக்கும் அக்ரிலேட் துகள்கள். காய்ந்து இறுகிய பசை தோலுக்குள் போகாது, மூலக்கூறு அவ்வளவு பெரியது. இந்தச் சின்ன மிச்சம்தான் உள்ளே நுழைந்து வம்பு பண்ணும். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை டாக்டர்கள் சங்கம் வருடா வருடம் ஒரு ஒவ்வாமைப் பொருளைக் கவனிக்கச் சொல்லி அறிவிக்கும், 2012-ல் அறிவித்தது அக்ரிலேட்டைத்தான். 2020-ல் ஐசோபோர்னைல் அக்ரிலேட், அது சர்க்கரை நோயாளிகள் கையில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் சென்சாரில் பிரச்சினையானது. ஆக, சென்சார் ஒட்டி அரித்தவர்கள், ஜெல் நெயில் பாலிஷ் போட்டு விரல் வெடித்தவர்கள், ஆபரேஷன் பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைக் கடையில் உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, அரிதுதான், ஆனால் உயிர் விஷயம். லேட்டக்ஸ் அலர்ஜி உள்ளவர்களுக்கு ரப்பர் பால் பசை பட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறலாம். எக்ஸ்டென்ஷன் பசையாலேயே இப்படி ஆனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. பலூன் ஊதினால் உதடு அரிக்கிறது, வாழைப்பழம், அவகாடோ சாப்பிட்டால் வாய் நமநமக்கிறது என்பவர்களுக்கு லேட்டக்ஸ் ஆகாமல் இருக்க வாய்ப்பு உண்டு. மூச்சுத் திணறினால் பசையைக் கழற்றிக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரெண்டு வருடமாக அதே பசை, அதே கடை. ஒன்றும் ஆகவில்லை. இப்போது மட்டும் எப்படி?

இதைக் கேட்காத ஆள் இல்லை. "பசையில ஏதோ மாத்திட்டீங்க" என்று என்னோடு சண்டை போட்டவர்களும் உண்டு. சில சமயம் கம்பெனி உண்மையிலேயே கலவையை மாற்றியிருக்கும், ஆனால் பெரும்பாலும் மாறியது உங்கள் உடம்பு. தோலில் ஒரு பொருள் பட்டுப் பட்டு வரும் இந்த ஒவ்வாமை பழகப் பழக வரும் சமாசாரம். உடம்பு அந்தப் பொருளைப் பகையென்று குறித்துவைக்கச் சிலருக்கு ரெண்டு வாரம் போதும், சிலருக்குப் பல வருடம் ஆகும். குறித்துவைத்துவிட்டால் அப்புறம் மறக்காது. "ஒரு மாதம் இடைவெளி விட்டு அதையே போட்டுப் பார்ப்போம்" என்றால் அடுத்த முறை இன்னும் வேகமாக வரும்.

தலைக்கு டை அடிக்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். பக்கவாட்டு நரையை மறைக்கக் கருப்பு டை அடித்து, அதில் உள்ள பி.பி.டி. என்ற சாயப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் அரித்து, பழி பசை மேல் விழுந்த கேஸ்களும் பார்த்திருக்கிறேன். புதிய பேட்சுக்கே அடர்கருப்புச் சாயம் ஏற்றி வரும், வேர்வையில் கரைந்து தலையணை உறையில் கறை பட்டால் அதுவும் தோலில் படுகிறது என்றுதான் அர்த்தம்.

முதலில் எப்படி டெஸ்ட் செய்வது?

முன்கையின் உள்பக்கம் அல்லது காதுக்குப் பின்னால், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு அதே பசையை மெல்லிசாகப் பூசி, முழுசாகக் காயவிட்டு, ஒரு துண்டு டேப்பையும் பக்கத்தில் ஒட்டி, 48 மணி நேரம் விடுங்கள். எடுத்த பிறகும் ரெண்டு நாள் பார்க்க வேண்டும். பேட்ச் போட வந்த அன்றே பூசி அரை மணி நேரத்தில் "பாருங்க, ஒண்ணும் இல்ல" என்று சொல்வது டெஸ்ட் இல்லை. அலர்ஜி அரை மணி நேரத்தில் காட்டாது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

கழற்றும் ரிமூவரையும் சேர்த்து டெஸ்ட் செய்யுங்கள். யாரும் செய்வதில்லை. ஆரஞ்சு வாசனை அடிக்கும் ரிமூவர்களில் இருப்பது எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் வரும் லிமோனின். பாட்டிலைத் திறந்து மாதக்கணக்கில் காற்றுப்பட வைத்திருந்தால் அது மாறி, அலர்ஜி உண்டாக்கும் பொருளாகிவிடும். பாதி காலியான பழைய பாட்டிலை இதனால்தான் நான் தூக்கிப்போடுவேன், விலையைப் பார்ப்பதில்லை.

வீட்டில் செய்யும் இந்த டெஸ்ட் நூற்றுக்கு நூறு இல்லை. தோல் டாக்டர் செய்வது வேறு, அதற்கும் பெயர் பேட்ச் டெஸ்ட் என்பதால் நம் ஆட்கள் குழம்பிப்போகிறார்கள். முதுகில் வரிசையாக மருந்துப் பொருள்களை ஒட்டி, ரெண்டு நாள் குளிக்காமல் வைத்திருந்து, எடுத்த அன்றும் அதற்கு ரெண்டு நாள் கழித்தும் பார்ப்பார்கள். எந்தப் பொருள் ஆகவில்லை என்று பெயரோடு தெரியும். ஒருமுறை அலர்ஜி வந்தவர்கள் அந்தச் செலவை யோசிக்காமல் செய்துவிடுங்கள்.

ஓரம் தூக்கிவிட்டது, அவசரத்துக்கு ஃபெவிக்விக் ஒரு சொட்டு வைத்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். "டாக்டரே காயத்துக்குப் பசை போட்டு ஒட்டுறாரே" என்று சொல்வார்கள். ஒட்டுகிறார், அதுவும் ஃபெவிக்விக் மாதிரியே சயனோஅக்ரிலேட் குடும்பம்தான், ஆனால் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது ஆக்டைல் வகை, அமெரிக்காவில் 1998-ல் அனுமதி வாங்கியது, சுத்தப்படுத்திய காயத்தின் மேல் ஒருமுறை போட்டுத் தானாக உதிர்வதற்கு. பெட்டிக்கடைக் குழாயில் இருப்பது வேறு வகை, இறுகும்போது சூடாகும், இறுகியதும் கல் மாதிரி ஆகித் தோலோடு போகும். வழிந்த பசையைப் பஞ்சை வைத்துத் துடைக்காதீர்கள், பருத்தியில் பட்டால் அது இன்னும் வேகமாகச் சூடேறிப் புகையே வரும். அப்படிச் சுட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

செருப்பு தைக்குமிடத்தில் மஞ்சளாக டப்பாவில் இருக்கும் சொல்யூஷன், மரத்துக்கு அடிக்கும் ஸ்ப்ரே பசை எல்லாமும் இதே கணக்குதான். 2021-ல் அமெரிக்காவில் லூசியானாவைச் சேர்ந்த ஒரு பெண் ஹேர் ஸ்ப்ரே தீர்ந்துபோய் கொரில்லா க்ளூ ஸ்ப்ரேயைத் தலையில் அடித்துக்கொண்டு, 15 முறை கழுவியும் போகாமல், ஒரு மாதம் அவதிப்பட்டு, கடைசியில் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து கரைத்து எடுத்தார். ஓரம் தூக்கினால் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், ஒரு துண்டு டேப் எப்போதும் பர்ஸில் வைத்திருங்கள்.

ஒட்டின இடத்தில் வெள்ளையாக ஆகிவிட்டது. வெண்குஷ்டமா?

பதறாதீர்கள், ஆனால் அன்றே கழற்றிவிடுங்கள். ஸ்டிக்கர் பொட்டு வைத்து வைத்து நெற்றியில் வெள்ளைத் தழும்பு விழுந்த அம்மாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பொட்டின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் இருந்தால் அது தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களையே சாகடிக்கும் என்று நம் நாட்டுத் தோல் டாக்டர்கள் பல வருடமாக எழுதி வருகிறார்கள். ரப்பர் செருப்பு வார் பட்ட இடம் வெளுப்பதும் இதே கதை. செருப்புப் பசையைத் தலையில் போடாதீர்கள் என்று நான் மன்றாடுவதற்கு இது முக்கியக் காரணம், அந்த வகைப் பசைகளில் இதன் பிசின் சேர்ப்பது வழக்கம். அரிப்பு, சிவப்பு எதுவும் இல்லாமலே வெளுக்கலாம், அதனால்தான் பேட்சுக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். சீக்கிரம் நிறுத்தினால் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். வெண்புள்ளி ஏற்கனவே இருப்பவர்கள், குடும்பத்தில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பசையைத் தொடவே வேண்டாம்.

பசை போட்டால் இருக்கிற முடியும் கொட்டுமா? மூளைக்கு ஆகாது என்கிறார்களே?

தலையில் பூசுவதால் மூளைக்கு ஒன்றும் ஆகாது, தோலையும் மண்டை ஓட்டையும் தாண்டிப் பசை போகாது. கவலைப்பட வேண்டியது மூக்கு. சால்வென்ட் வகைப் பசை, ரிமூவர் எல்லாம் ஆவியாகும், மூடின பாத்ரூமில் உட்கார்ந்து பூசினால் தலைசுற்றும், தலைவலிக்கும். டொலுயீன் என்ற சால்வென்ட் கலந்த மட்டமான பசையை நாள்கணக்கில் முகர்ந்தால் நரம்புக்குக் கெடுதல், அது எங்களைப் போல் தினமும் எட்டு மணி நேரம் அதிலேயே இருப்பவர்களுக்கு முதலில் வரும். ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேன் போட்டு, அடுப்பும் விளக்கும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் பூசுங்கள், இவை எல்லாமே தீப்பிடிக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள் தண்ணீர் வகையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

முடி விஷயத்துக்கு வருவோம். ஆண்களுக்கு விழும் வழுக்கை பரம்பரையும் ஹார்மோனும், பசை அதைக் கொண்டுவருவதில்லை. ஆனால் உயிரோடு இருக்கும் முடியின் மேல் பசை போட்டு, பத்து நாளுக்கு ஒருதரம் பிடுங்கினால் வேர் எத்தனை நாள் தாங்கும்? பசைக்குப் பதில் இருக்கிற முடியில் மாட்டும் கிளிப்பும் அப்படித்தான், ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இழுத்தால் அந்த இடம் மொட்டையாகும். பெண்களுக்குக் காது ஓரத்தில் இப்படி ஆகிறது.

ஒரு தடவை ஒட்டினால் எத்தனை நாள் விடலாம்?

விளம்பரத்தில் நான்கு வாரம் என்பார்கள். அது ஏசி ரூமில் இருப்பவர் கணக்கு. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில், ஹெல்மெட்டுக்குள் வேர்த்து வழிந்து, அஞ்சாம் நாளே பசை வெள்ளையாகக் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. அந்தக் கொழகொழப்பில் வேர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, செத்த தோல் எல்லாம் ஊறிக்கொண்டிருக்கும், பொடுகு உண்டாக்கும் பூஞ்சைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் வருவதும் இதனால்தான். என்னிடம் வருபவர்களுக்கு வெயில் காலத்தில் 10 நாள், மற்ற நாளில் 14 நாள் என்று வைத்திருக்கிறேன், அதற்கு மேல் கேட்டாலும் ஒத்துக்கொள்வதில்லை. கழற்றினால் ஒரு ராத்திரியாவது தலை காற்றாட இருக்க வேண்டும். காலையில் கழற்றி மதியமே திரும்ப ஒட்டிக்கொண்டு போவதுதான் வழக்கமாக இருக்கிறது, தோலுக்கு மூச்சு விட நேரமே கிடைப்பதில்லை.

பேட்சின் அடிப்பாகம் காற்றுப் போகாத பாலி பேஸ், அதாவது பிளாஸ்டிக் மாதிரியான பிலிம், என்றால் இன்னும் ஜாக்கிரதை. பசை காய்வதற்குள் அதை வைத்து அமுக்கினால் ஈரமும் சால்வென்டும் உள்ளேயே மாட்டி, தோலை வேகவைக்கும். வெள்ளைப் பசை முழுசாகக் கண்ணாடியாகும் வரை பொறுத்திருங்கள். தடிமனாக ஒரு கோட் போடுவதைவிட மெல்லிசாக மூன்று கோட் நல்லது.

கழற்றுவது எப்படி? இழுத்தால் வந்துவிடுகிறதே.

வரும், தோலோடு வரும். என்னைக் கேட்டால் பேட்சினால் வரும் காயங்களில் பெரும்பங்கு ஒட்டுவதில் வருவதில்லை, கழற்றுவதில் வருகிறது. ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் எடுக்கும் நர்ஸைக் கவனித்துப் பாருங்கள், மேலே தூக்கி இழுக்க மாட்டார். தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டரைத் தோலை ஒட்டினாற்போல் பின்னால் மடித்து மடித்து எடுப்பார்.

நான் செய்வது இப்படி. புருவத்துக்கு மேல் ஒரு துண்டைச் சுருட்டிக் கட்டிவிடுவேன், ரிமூவர் கண்ணுக்கு வழியாமல் இருக்க. சின்ன பிரஷ்ஷில் ரிமூவரைத் தொட்டு முன் ஓரத்தில் மட்டும் தடவுவேன். அப்புறம் மூன்று, நான்கு நிமிடம் எதையும் தொட மாட்டேன், இந்த நேரத்தில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். பசை இளகினால் ஓரம் தானாகச் சுருள ஆரம்பிக்கும், விரல்நுனியை அதன் அடியில் வைத்தால் மெழுகு மாதிரி வழுக்கும். வழுக்கவில்லை, நூல் நூலாக இழுபடுகிறது என்றால் இன்னும் இளகவில்லை, மறுபடி தடவணும். இப்படி அரை இஞ்ச் அரை இஞ்சாக உள்ளே போனால் ஒரு பேட்ச் கழற்ற 20 நிமிடம் ஆகும். சில கடைகளில் ரெண்டு நிமிடத்தில் சர்ரென்று உரித்துவிடுகிறார்கள், உட்கார்ந்திருப்பவரும் வலிக்கவில்லை என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

தலையில் மிச்சமிருக்கும் பசையைச் சுரண்டக் கூடாது. மறுபடி ரிமூவர், அப்புறம் வாசனை இல்லாத மைல்டான ஷாம்பூ, நிறையத் தண்ணீர். ரிமூவர் கொஞ்சம் தங்கினாலும் அடுத்த பசைக்கு அடியில் மாட்டி எரிக்கும். அசிட்டோன், அதாவது நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் ரெண்டும் தலைக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துக் கழற்றலாமா என்று கேட்கிறார்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் தோலுக்குக் கெடுதல் இல்லை. எண்ணெயை முழுசாகக் கழுவாமல் திரும்ப ஒட்டினால் நிற்காது, அவ்வளவுதான்.

கண்ணில் பட்டுவிட்டது.

குழாயைத் திறந்து 15 நிமிடம் தண்ணீரில் கண்ணைக் காட்டுங்கள், லென்ஸ் போட்டிருந்தால் எடுத்துவிட்டு. தேய்க்க வேண்டாம். இமை ஒட்டிக்கொண்டால் பிரிக்க முயலாதீர்கள். ரெண்டிலும் கண் டாக்டரிடம் அன்றே போங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், தடவினால் உடனே அடங்குகிறது. தடவிக்கொண்டே பேட்ச் வைக்கலாமா?

அந்தத் தம்பி செய்தது இதுதான். ட்யூபை வாங்கிப் பார்த்தேன், வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என்று மூன்றும் கலந்த க்ரீம். படர்தாமரை, முகப்பரு, சொறி எல்லாவற்றுக்கும் நம் ஊரில் இதையேதான் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. இந்தியத் தோல் டாக்டர்கள் சங்கம் இதற்கென்றே ஒரு குழு வைத்துக் கத்திக்கொண்டிருக்கிறது.

சாதாரணமாகவே இது தோலை மெலிய வைக்கும். மேலே பேட்ச் வைத்து மூடினால் மருந்து பல மடங்கு உள்ளே போகும், டாக்டர்களே சில நோய்களுக்கு மருந்து தடவிப் பிளாஸ்டிக் சுற்றி வைப்பது அதனால்தான். மெலிந்த தோலில் மறுபடி பசை போட்டு உரித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அலர்ஜியும் போயிருக்காது, அடங்கியிருக்கும், அவ்வளவுதான். முடி வளர மினாக்சிடில் மருந்து தடவுபவர்களுக்கும் இதே பதில்: பேட்சுக்கு அடியில் வேண்டாம்.

யாரெல்லாம் பசையே போடக் கூடாது?

தலையில் புண், சொரியாசிஸ், கடும் பொடுகு, அக்கி இருப்பவர்கள் அது ஆறும் வரை. முடி நடும் சிகிச்சை செய்தவர்கள் அந்த டாக்டர் சொல்லும் வரை. கீமோ எடுப்பவர்கள் கட்டாயம் வேண்டாம், தோல் மெலிந்திருக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், சின்னக் கீறல்கூடப் பெரிதாகிவிடும். அவர்களுக்குப் பசை இல்லாத விக், உள்ளே சிலிக்கான் பட்டையோ வெல்வெட் பட்டையோ வைத்தது, நன்றாகவே நிற்கும். இந்த நிலையில் இருப்பவருக்கு ஒரு கடைக்காரர் பசை போட்டு ஒட்டித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டரிடம் எப்போது போகணும்? அங்கே போய் கழற்றிக் காட்டணுமா?

நீர் கசிந்தால், சீழ் வந்தால், சிவப்பு பரவினால், காய்ச்சல் அடித்தால், கழுத்துக்குப் பின்னாலோ காதடியிலோ நெறி கட்டினால் அன்றே போங்கள். கழற்றி மூன்று நாளாகியும் அரிப்பு குறையாவிட்டாலும் போங்கள்.

ஆமாம், கழற்றித்தான் காட்டணும். கூச்சப்பட்டுக்கொண்டு நெற்றியை மட்டும் காட்டி "வேர்க்குரு மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்லி, அதற்கு மருந்து வாங்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர் பார்க்காத இடத்துக்கு அவர் எப்படி மருந்து தருவார்? வீட்டிலேயே கழற்றிவிட்டுத் தொப்பி போட்டுக்கொண்டு போங்கள், அறைக்குள் போய் எடுங்கள். பசை பாட்டில், டேப் சுருள், ரிமூவர், ஷாம்பூ, டை, தடவின க்ரீம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். தோல் டாக்டருக்குத் தினமும் இதைவிடப் பத்து மடங்கு சங்கடமான இடங்களைப் பார்க்கிற வேலை, உங்கள் வழுக்கை அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

அலர்ஜி என்று உறுதியாகிவிட்டது. இனி பேட்சே முடியாதா?

பெரும்பாலும் வழி இருக்கும். அக்ரிலேட் ஆகாதவர்களுக்குச் சிலிக்கான் பசை ஒத்துக்கொள்ளலாம், அதையும் டெஸ்ட் செய்த பிறகுதான். பக்கத்தில் முடி இருப்பவர்கள் கிளிப்புக்கு மாறலாம், கிளிப்பின் இடத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் போதும். முழு நேரமும் வைத்திருக்காமல் வெளியே போகும்போது மட்டும் ஒட்டி, ராத்திரி எடுத்துவிடலாம். எந்தப் பொருள் ஆகாது என்பதை டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், பல் டாக்டரிடமும் எலும்பு டாக்டரிடமும்கூட அதைக் காட்டணும், அவர்கள் பயன்படுத்தும் சிமென்டிலும் அக்ரிலேட் உண்டு.

அந்தத் தம்பிக்கு ஆறு வாரம் எதுவும் ஒட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயந்து பயந்து வீட்டில் சொன்னார், கட்டிக்கப்போகும் பெண்ணிடமும் சொன்னார். தோல் ஆறி, கையில் சிலிக்கான் டெஸ்ட் செய்து ஒன்றும் வராமல், டாக்டரும் சரி என்ற பிறகு, முகூர்த்தத்துக்கும் போட்டோவுக்கும் மட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒட்டினேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் மண்டபத்து மாடி அறையில் உட்காரவைத்துக் கழற்றினோம். நான் பிரஷ் பிடித்தேன், ஓரம் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னதும் பட்டுப்புடவையோடு பக்கத்தில் நின்று போன் டார்ச்சை அடித்தது அவர் மனைவி. "இன்னும் ரெண்டு நிமிஷம் விடுங்கண்ணா, இழுபடுது பாருங்க" என்றார். சரியாகத்தான் சொன்னார், விட்டேன்.